பறவை அவளுக்கு, பின்னணி எனக்கு

மசுமிக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. பறவை அவள் பொறுப்பு, அதற்குப் பின்னால் இருக்கிற மிச்ச உலகம் என் பொறுப்பு. அவள் என் நாத்தனார். என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, குடும்பம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் இருவருக்கும் நாங்கள் இருவர்தான் மிச்சம். அவள் ஊருக்கு வெளியே, உருளைக்கிழங்கு வயல்கள் முடிந்து லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் தொடங்குகிற இடத்தில் தனியாக இருக்கிறாள். நான் ஊருக்குள், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறேன். குளிர்காலம் வந்தால் அவள் குருவிகளைப் படம் பிடிப்பாள். நான் அந்தப் படங்களைக் கழுவித் துடைத்து நாலு பேர் பார்க்கும்படி ஆக்குவேன்.

கழுவித் துடைத்து என்று சும்மா சொல்லவில்லை. படத்தைப் பார்க்கிறவர்கள் குருவி தன் பாட்டுக்கு வந்து கிளையில் உட்கார்ந்தது என்று நினைப்பார்கள். கிளைக்குப் பின்னால் மாட்டுக் கொழுப்பைக் கம்பியால் கட்டி வைத்திருப்பது எனக்குத்தான் தெரியும். கம்பியை அழிப்பேன். தீனித்தட்டின் விளிம்பு தெரிந்தால் அழிப்பேன். சூரியகாந்தி விதைத் தோலை, குருவியின் மூக்கில் ஒட்டிய கொழுப்பை, பனியில் கிடக்கும் எச்சத்தை எல்லாம் அழிப்பேன். தீனி போட்டு எடுத்த படம் என்று தெரிந்தால் எங்கள் ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் மூக்கைச் சுளிப்பார்கள். சங்கத்தில் எல்லாரும் தீனி போட்டுத்தான் எடுக்கிறார்கள், எல்லாரும் மூக்கையும் சுளிக்கிறார்கள். என்ன செய்ய, அப்படி ஒரு மரியாதை.

நான் ஒபிஹிரோ நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். கல்யாணப் பெண்களின் பருக்களையும், பள்ளிக்கூடக் குழுப்படத்தில் பின்னால் தலை நீட்டுகிற குப்பைத் தொட்டியையும் அழித்து அழித்தே கண் பூத்துப்போனவள். பின்னணியில் ஒரு கறை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மசுமியின் நீள லென்ஸில் குருவி மட்டும்தான் துல்லியமாக விழும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். மரங்கள் வெளிர்ப் பழுப்புப் பட்டைகளாகும், பனி வெறும் வெள்ளையாகும். கேமரா ஒரே இடத்தில் முக்காலியில் நிற்பதால் அந்தப் பட்டைகள் எங்கே இருக்கும் என்று எனக்கு மனப்பாடம்.

இந்த வருடம் மசுமிக்கு ஒரு வெறி பிடித்திருந்தது. ஊர் நாட்காட்டியின் அட்டையில் அவளுடைய எனாகா வரவேண்டும். எனாகா எங்கள் ஊர்க் குருவி. வெள்ளைப் பஞ்சு உருண்டைக்கு நீளமாய் ஒரு வால் வைத்தது போல இருக்கும். அது கூட்டமாக வந்து ஒரே கிளையில் ஒட்டி உட்கார வேண்டும், அதுதான் அட்டைப்படம். கடையில் இறைச்சியோடு இனாமாகக் கொடுக்கும் கொழுப்புத் துண்டுகளை மரங்கொத்திகளே தின்று தீர்த்தன. அதனால் வேட்டைச் சங்கத்து ஓநுகியிடம் கேட்டு, ஒரு மானின் விலாக்கூட்டைக் கொழுப்போடு வாங்கிவந்து கிளைக்குப் பின்னால் தொங்கவிட்டாள். குருவிகள் திருவிழாக் கூட்டமாக வந்தன.

கரடிக்கும் அது விருந்தாகாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குத் தோன்றவே இல்லை. பனி விழுந்து நிலைத்துவிட்டால் கரடி குழிக்குள் தூங்கப் போய்விடும். கரடி விலகிப்போக இடுப்பில் கட்டிக்கொள்ளும் மணியை ஆணியில் மாட்டிவிட்டு நாங்கள் காட்டுக்குள் காலாற நடக்கிற காலமே அதுதான். இலையுதிர் காலத்தில் தன் நிழலைப் பார்த்தே பயப்படுகிற மசுமி, ஜனவரியில் பாட்டுப் பாடிக்கொண்டு மரங்களுக்குள் போவாள். ஜனவரியில் கரடிப் பேச்சை எடுக்கிறவனை எங்கள் ஊரில் ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிடுவார்கள்.

விலாக்கூடு கட்டிய சில நாட்களில் படங்களில் ஒரு கறுப்புத் திட்டு வர ஆரம்பித்தது. குருவிக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், விரலால் தேய்த்தது போல ஒரு அழுக்கு. வெட்டிப் போட்ட கட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருக்கிற வெள்ளையை எடுத்து அதன் மேல் பூசினேன். மறுநாளும் வந்தது, பூசினேன். என் கைக்கு அது ஒரு வேலையே இல்லை, சூப் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அன்று காலையும், குருவிகளுக்குத் தெரியாமல் ஒளிந்து உட்காரும் கூடாரத்துக்குள் போகும் முன் மசுமி போன் செய்தாள்.

"என்ன அண்ணி, எந்திரிச்சாச்சா? இல்ல கம்பளிக்குள்ளயே குடித்தனமா?"

"எந்திரிச்சு சூப்பும் வச்சாச்சு. நீ ஏதாவது தின்னியாடி?"

"சோத்து உருண்டை ரெண்டு கொண்டாந்திருக்கேன். கல்லாட்டம் உறைஞ்சு கெடக்கு. குருவிய விட்டுட்டு அதைத்தான் கொத்தணும்."

"நேத்துப் படத்துல குருவி மூக்கெல்லாம் கொழுப்பு. துடைச்சுத் துடைச்சு என் கண்ணே போச்சு. வாயைத் துடைச்சிட்டு வரச் சொல்லு அதுங்களை."

"நீங்க இருக்கறப்ப அதுங்க ஏன் துடைக்கணும்? அண்ணி, இன்னிக்கு வெளிச்சம் அம்சமா இருக்கு. அட்டை நம்மளுதுதான் பாருங்க."

"பின்னாடி ஒரு கறுப்புக் கட்டை கெடக்கே, அதை முதல்ல இழுத்துப் போடு. தினம் அழிக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

"எந்தக் கட்டை? அங்க ஒரு கட்டையும் இல்லையே. பின்னாடி இருக்கறது உங்க சமாச்சாரம் அண்ணி. நான் குருவியோட கண்ணைத் தவிர வேற ஒண்ணையும் பாக்கறதில்ல. வச்சிடறேன், வர ஆரம்பிச்சிருச்சு."

அவள் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சூப்பை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

கூடாரத்துக்குள் போனதும் மசுமி போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, கைக்குச் சூடு தரும் பொட்டலத்தோடு சேர்த்துப் பைக்குள் திணித்துவிடுவாள். இல்லாவிட்டால் அந்தக் குளிரில் பேட்டரி செத்துவிடும். கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் அந்தப் போன் பைக்குள் இருந்தபடியே எனக்கு அனுப்பும். அவள் பார்ப்பதை அப்போதைக்கப்போதே நானும் பார்க்கலாம். ஆனால் அவளோடு ஒரு வார்த்தை பேச முடியாது.

படங்கள் வந்தன. ஒரு எனாகா, இரண்டு எனாகா, பக்கத்தில் கறுப்புத் தொப்பி போட்ட பட்டாணிக்குருவி ஒன்று. முதல் படத்தில் கறுப்புத் திட்டு குருவியின் வாலுக்கு இடப்பக்கம் இருந்தது. பூசி மறைத்தேன். அடுத்த படத்தைத் திறந்தேன். அதில் திட்டு வலப்பக்கம் இருந்தது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முக்காலியைத் தட்டிவிட்டாளா என்று மரப் பட்டைகளைப் பார்த்தேன். அவை அதது இருந்த இடத்தில் இருந்தன. கேமரா அசையவில்லை, மரம் அசையவில்லை, திட்டு மட்டும் இடம் மாறியிருக்கிறது. அதுவும் முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது.

மவுஸைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நேற்று எங்கே பூசினேன் என்று யோசித்தேன். மேலே, மரங்களுக்கு நடுவில். அதற்கு முந்தைய நாள் அதைவிட மேலே, அதைவிடச் சின்னதாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. பின்னால் இருப்பது மேடு, கீழே என்றால் பக்கத்தில் என்று அர்த்தம். அங்க ஒரு கட்டையும் இல்லையே என்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய காலடியில், பைக்குள், சத்தமே இல்லாமல் அது மினுக்கிக்கொண்டிருக்கும். அவளோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் குருவியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எடுடி, எடுடி என்று வாய்விட்டுக் கத்தினேன். அதற்குள் இன்னொரு படம் வந்தது. அவ்வளவு அழகான எனாகா. அதன் தோளுக்குப் பின்னால் கால்வாசிப் படம் கறுப்பு.

ஓநுகியைக் கூப்பிட்டேன். அவர் வீடு மசுமியின் இடத்துக்கு என் வீட்டைவிட ரொம்பப் பக்கம்.

"ஓநுகி அண்ணே, மசுமி கூடாரத்துகிட்ட கரடி நிக்குது."

"என்னது கயோம்மா, காலையிலேயே ஊத்திக்கிட்டியா? ஜனவரியில ஏது கரடி?"

"படத்துல தெரியுதுண்ணே. கறுப்பா. நகருது."

"படத்துல கறுப்பாத் தெரியறதெல்லாம் கரடின்னா, எங்க வீட்டுக்காரி எடுத்த படத்துல நானும் கரடிதான். சரி, நேத்து எடுத்தது, முந்தாநாள் எடுத்தது, எல்லாத்தையும் அனுப்பு. ஒரே இடத்துல இருந்தா மரக்கட்டை, நகர்ந்திருந்தா பாப்போம்."

அவர் கேட்ட பழைய படங்கள் என்னிடம் இல்லை. திருத்தியதும் அசலின் மேலேயே சேமித்துவிடுவது என் வழக்கம். நேற்றைய படங்களில், முந்தாநாள் படங்களில், பால் போல வெள்ளைப் பின்னணிதான் இருந்தது. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன்.

"அழிச்சிட்டேண்ணே."

"அழிச்சிட்டியா?"

"கட்டைன்னு நெனச்சு நான்தான் அழிச்சேன். ஆனா எங்கெங்க அழிச்சேன்னு என் கைக்குத் தெரியும். முதல்ல மேட்டுல இருந்துச்சு. அப்புறம் மரத்துக்கு நடுவுல. இப்ப விலாக்கூட்டுக்குப் பின்னாடியே நிக்குது. அண்ணே, நான் பொய் சொல்லல, உங்க கால்ல விழறேன்."

மறுமுனையில் துப்பாக்கி அலமாரியின் பூட்டுச் சத்தம் கேட்டது.

"நான் குடுத்த விலாக்கூடு," என்றார். குரல் மாறிவிட்டிருந்தது. "இந்த வருஷம் காட்டுல பழமே இல்ல. கொழுப்பு ஏறாத கரடி படுக்கப் போகாது. பசியோட அலையும். போனை வைக்காத. வண்டி எடுக்கறேன்."

"நான் ஹாரன் அடிச்சிட்டு வரவா?"

"நீ எடத்தை விட்டு அசையாத. அது அந்த மானைத் தன்னோடதுன்னு நெனச்சிருச்சுன்னா, சத்தம் போட்டா ஓடாது. பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க மேல பாயும். பக்கத்துல இருக்கறது யாரு, சொல்லு."

போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். அவருடைய வண்டி பனியில் உறுமுகிற சத்தம் என் அறைக்குள் நிறைந்தது.

அடுத்த படம் வந்தது. அதில் குருவி மங்கலாக இருந்தது. இத்தனை வருடத்தில் மசுமி எனக்கு ஒரு மங்கலான குருவியை அனுப்பியதில்லை. அவளுடைய கேமரா கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். எந்தப் பிராணியாக இருந்தாலும் கண்ணைக் கண்டுபிடித்து அதைத் துல்லியமாக்கும். இந்த முறையும் அது ஒரு கண்ணைக் கண்டுபிடித்திருந்தது. குருவிக்குப் பின்னால், விலா எலும்புகளின் இடைவெளியில், பழுப்பாக, சின்னதாக, ஈரமாக ஒரு கண். அதைச் சுற்றி ஒவ்வொரு மயிரும், மயிர் நுனியில் உறைந்த பனியும், எல்லாம் தெரிந்தது. மசுமியும் இப்போது அதைப் பார்த்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் கண் அந்தக் கண்ணுக்கு நேராகத்தானே இருக்கும்.

"என்ன தெரியுது?" என்றார் ஓநுகி.

"மூஞ்சி தெரியுது."

அதோடு படங்கள் நின்றன.

எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணவர் சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு அதுகூட இல்லாமல் போகுமோ என்று நினைத்தேன். அவளை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன், குருவிப் பைத்தியம் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன் என்றெல்லாம் மனசு ஓடியது. இனி ஒரு படம் வந்தால் போதும், கடவுளே, குருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு படம் வந்தது. முழுக்கக் கறுப்பு. ஒரு புள்ளிகூட இல்லாத கறுப்பு.

விழுந்த கேமரா தானே எடுத்த படம் என்று நினைத்து அழுதுவிட்டேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இருட்டான படம் வந்தால் வெளிச்சத்தை ஏற்றிப் பார்ப்பது அதற்குப் பழக்கம். ஏற்றினேன். மணல் மணலாகப் புள்ளிகள் வந்தன. இன்னும் ஏற்றினேன். கறுப்புக்குள்ளிருந்து நெட்டுக்குத்தாகப் பலகைகள் வெளியே வந்தன. பலகைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள், வெளியே இருக்கிற பனி. அந்தச் சுவரை எனக்குத் தெரியும். கூடாரத்துக்குப் பின்னால் இருக்கிற பம்ப் கொட்டகை அது. என் கணவர் கட்டியது, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டதற்காக நான் அவரை ஒரு கோடை முழுக்கக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"அண்ணே, உயிரோட இருக்கா! பம்ப் கொட்டகைக்குள்ள போயிட்டா. உள்ள இருந்து படம் எடுத்து அனுப்பறா. எனக்கு அனுப்பறா, அண்ணே!"

"கரடி?"

மறுபடி பார்த்தேன். மூன்று வெள்ளைக் கோடுகள். முதல் கோடு நடுவில் அறுந்திருந்தது. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ நின்றது.

"சுவரை ஒட்டி வெளியே நிக்குது. கூடாரத்துப் பக்கம்."

அடுத்த கறுப்புப் படம் வந்தது. வெளிச்சம் ஏற்றினேன். இப்போது இரண்டாவது கோடு அறுந்திருந்தது.

"நகருதுண்ணே. கதவுப் பக்கமா வருது. கதவுக்குக் கயிறுதான், தாழ்ப்பாள் கிடையாது."

"வந்துட்டேன். இறங்கறேன். போனைச் சட்டைப் பையில போடறேன், இனி நீ மூச்சுகூட விடாத. அதுக்குக் காது ரொம்பக் கூர்மை. நான் ரோட்டுப் பக்கமா சுத்தி, கதவுகிட்ட வர்றேன்."

துணியில் உரசுகிற சத்தம், பிறகு பனியில் அவர் காலடி. நரநரவென்று ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன்.

படம் வந்தது, ஏற்றினேன். மூன்று கோடுகளும் முழுசாக, வெள்ளையாக இருந்தன. எதையும் எதுவும் மறைக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது, போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது போகவில்லை. சுவர் முடிந்துவிட்டது, அது மூலை திரும்பிவிட்டது. மூலைக்கு அந்தப் பக்கம் கதவு. கதவை நோக்கித்தான் ஓநுகி வந்துகொண்டிருக்கிறார், எதிரில் இருப்பது தெரியாமல்.

பேசினால் அவர் சட்டைப் பையிலிருந்து என் குரல் வரும், அதற்குக் கேட்கும். பேசாவிட்டால் அவர் நேராகப் போய் அதன் மேல் மோதுவார், பிறகு அவரும் இல்லை, மசுமியும் இல்லை. பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு என் உயிர் இருக்கிற மட்டும் கத்தினேன்.

"அண்ணே! கதவுகிட்ட! மூலை திரும்பிருச்சு, உங்க எதிர்ல!"

ஒரு உறுமல் கேட்டது. அது அத்தனை பக்கத்தில், என் மேசையிலிருந்தே வந்தது. வெடி, மறுபடி வெடி. எதுவோ பலகையில் மோதுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. ஓநுகி அண்ணே, ஓநுகி அண்ணே என்று கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்து யாரோ இருமினார்கள்.

"விழுந்திருச்சு," என்றார். கிழவர் அழுதுகொண்டிருந்தார். "நீ கத்தலேன்னா நான் அது வாயில. மசுமி! ஏய் மசுமி! கயித்தை அவுறு, நான்தான் ஓநுகி."

கயிறு அவிழ எவ்வளவோ நேரம் ஆனது. அவள் கை உறைந்து போயிருந்தது, அவளே இறுக்கிக் கட்டிய முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. கடைசியில் அவர் கத்தியால் அறுத்தார். போன் கை மாறியது. முதலில் பற்கள் தந்தியடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணி."

"சொல்லுடி. என் கண்ணு, சொல்லு."

"போன் பையோட கூடாரத்துலயே கெடந்துச்சு. நீங்க வெளிச்சம் ஏத்திப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி. அதான் எடுத்துக்கிட்டே இருந்தேன்."

"பேசாத. வீட்டுக்குள்ள போ. நான் இப்பவே கிளம்பி வரேன்."

"அண்ணி, பின்னாடி மரத்துக்கு அடியில, பனியில அது படுத்த பள்ளம் கெடக்குதாம். தடமெல்லாம் பழசாம், பனி மூடியிருக்காம். ஓநுகி அண்ணே காட்டறாரு. இத்தனை நாளும் அது அங்கயே இருந்திருக்கு." அவள் மூச்சு வாங்கினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் குருவியையே பாத்துட்டு இருந்தேன். படத்துல உங்க கண்ணுக்கும் அது படவே இல்லையா அண்ணி?"

படவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"பட்டுச்சுடி," என்றேன். "தினமும் பட்டுச்சு. பட்டதாலதான் அழிச்சேன்."